டவாவோ ஞானசுந்தரம்

திங்கட்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு ஞானசுந்தரம் டவாவோ நகரத்தில் குப்பையை வெளியே வைக்கச் சொல்கிறார். அவர் இருப்பது கனடாவின் மொன்றியலில், கோட்-டே-நேஜ் பகுதியில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடிச் சமையலறையில். மறுமுனையில் இருப்பவர் மனைவியின் அக்கா நெனிதா. அங்கே செவ்வாய் காலை ஐந்தே முக்கால். ஆறு மணிக்கு வண்டி சந்தின் வாயில் வந்து நிற்கும். அழுகுகிற குப்பைக்கு ஒரு பை, அழுகாததற்கு ஒரு பை. இரண்டு பைகளும் படியிறங்கிப் போகும் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் அவர் தேநீரைத் தொடுவார்.

தான் இருக்கும் கட்டடத்தில் குப்பை எடுக்கும் நாள் எது என்று அவருக்குத் தெரியாது. அதை மனைவி மேரிவிக் பார்த்துக்கொள்கிறார்.

"இவரின்ர ஆட்சி அங்கை நடக்குது, குப்பை இஞ்சை நாறுது" என்பார் சிவராசா. துறைமுகத்துப் பக்கத்துக் களஞ்சியத்தில் இருவருக்கும் ஒரே வேலை, பாரந்தூக்கி வண்டி ஓட்டுவது. சிவராசா யாழ்ப்பாணம், ஞானசுந்தரம் மட்டக்களப்பு. இருபது வருடங்களாக ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள்; இருபது வருடங்களாக ஒருவர் கறியை மற்றவர் குறை சொல்கிறார்.

டவாவோ பிலிப்பைன்ஸின் தெற்குத் தீவில் உள்ள நகரம். அங்கே ஞானசுந்தரம் மூன்று முறை போயிருக்கிறார். மொத்தம் பதினொரு கிழமை, மூன்று மாதம்கூட இல்லை. மேரிவிக் அங்கே பிறந்து வளர்ந்தவர். வீட்டுப் பணிப்பெண்ணாக மொன்றியலுக்கு வந்தார், இப்போது கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சமைக்கிறார். தேவாலயத்தின் நத்தார் பண்டிகைச் சாப்பாட்டு வரிசையில் ஞானசுந்தரம் அவருக்கு முன்னால் நின்றார். அவ்வளவுதான் கதை. கல்யாணம் முடிந்த மறுவருடம் மேரிவிக்கின் தம்பிக்கு ஏதோ ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது. எந்த அலுவலகத்தில் வாங்குவது என்று மேரிவிக்குக்குத் தெரியவில்லை. ஞானசுந்தரம் தேடிப் பார்த்தார். அன்றைக்குத் தொடங்கியது.

மட்டக்களப்பில் அவர் நான்கு வருடம் ஏ.ஜி.ஏ. கந்தோரில், அதாவது உதவி அரச அதிபர் அலுவலகத்தில், எழுதுவினைஞர். விண்ணப்பங்களுக்கு இலக்கமிடுவது, கோப்பில் துளையிட்டுக் கட்டுவது, 'மேற்படி விடயம் தொடர்பாக' என்று தொடங்கும் கடிதங்களை எழுதுவது. பிறகு இங்கே முப்பது வருடம் பெட்டிகளை ஏற்றி இறக்கினார். சட்டைப் பையில் இரண்டு பேனா வைக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. பாரந்தூக்கி வண்டிக்கு இரண்டும் தேவையில்லை.

இப்போது அந்தப் பேனாக்களுக்கு வேலை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபத்தில் கோப்பி கொடுக்கும்போது, மூலையிலிருந்து "குயா ஞானா" என்று ஒரு குரல் வரும். குயா என்றால் அண்ணன். முதியோர் இல்லங்களிலும் பணக்கார வீடுகளிலும் வேலை செய்யும் பிலிப்பினோப் பெண்கள் அவரைச் சுற்றி நிற்பார்கள். ஊரில் அம்மாவுக்கு முதியோர் அட்டை எடுக்க வேண்டும். தம்பி கடை திறக்க அனுமதி வேண்டும். வீட்டு வரி கட்டப் போனால் எந்த மாடிக்கு ஏற வேண்டும். ஞானசுந்தரம் நீல பிளாஸ்டிக் கோப்பைத் திறப்பார். டவாவோவில் பேசுவது விசாயா மொழி. அதை அவர் மட்டக்களப்பு இழுவையோடு பேசுவார். அவர்கள் சிரிப்பார்கள், ஆனால் எழுதிக்கொள்வார்கள். மணிலாப் பெண் ஒருத்தி ஒருமுறை கேட்டபோது கோப்பை மூடிவிட்டார்.

"மணிலா எனக்குத் தெரியா. டவாவோ எண்டா நடுச்சாமத்துல எழுப்பிக் கேளுங்க, சொல்லுறன்" என்றார், அதே கட்டடத்தில் ஒரு மாடி கீழே இருக்கும் என்னிடம்.

கேட்டால் சொல்வார்தான். நகரத்தில் நூற்று எண்பத்திரண்டு பரங்கைகள். பரங்கை என்பது ஆட்சியின் கடைசிப் படி. நாலு தெரு, ஒரு அலுவலகம், வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற ஒரு தலைவர். தலைவரை 'காப்' என்பார்கள். ஞானசுந்தரம் அதை இப்படி விளக்குவார்: "எங்கட ஊர் விதானையார் மாதிரித்தான். ஆனா சனம் வோட்டுப் போட்டாத்தான் கதிரை. அதால இவங்க சிரிச்சிக் கதைப்பாங்க." எந்த வேலைக்கும் அவரிடம் ஒரே மந்திரம். "மொத பரங்கை. காப்புக்கிட்டப் போகாம மேல போனா கீழ இரிக்கிறவங்களுக்குக் கோவம் வரும். கோவம் வந்தா பேப்பர் நகராது."

அவர் கைத்தொலைபேசியில் டவாவோவின் வானிலை முதலில் வரும், மொன்றியலின் வானிலை பிறகு. கோடையில் இரண்டு ஊருக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். அதனால் சுவரில் ஒரே மணிக்கூடு போதும் என்பார். முள் நிற்கும் இடம் ஒன்று, வெளிச்சம்தான் வேறு. மாலையில் செய்மதி வரைபடத்தைத் திறந்து நகரம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பார். பார்க்கிறபோது குரல், பிள்ளை வளர்ந்ததைப் பார்க்கிற ஒரு பெரியப்பாவின் குரலாகிவிடும். "போன வரிசம் இதுல தென்னை நிண்ட. இப்ப பாருங்க, ஏழு மாடி. இந்தா கடற்கரை றோட்டு. இதுக்கால வந்தா ஜாம் இல்ல." எந்த நெரிசலிலும் அவர் அங்கே வண்டி ஓட்டியதில்லை. எங்கள் தெருவில் செம்மஞ்சள் கூம்புகள் வைத்து மாதக்கணக்கில் கிண்டிக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் புகுந்து பேருந்துக்கு ஓடுவார். ஏன் கிண்டுகிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

வருகிற தை மாதம் அவருக்கு ஓய்வு. நெனிதாவின் வளவுக்குள், பின்பக்கமாக, இரண்டு அறையோடு ஒரு சின்ன வீடு கட்டி வைத்திருக்கிறார்கள். காணி சகோதரிகளின் பெயரில். வெளிநாட்டவர் பெயரில் காணி எழுத முடியாது என்பதும் அது எந்தச் சட்டம் என்பதும் அவருக்குத் தெரியும், வருத்தமில்லை. வளவு வாசலின் தூண்கள் மட்டும் அவருடையவை. ஆறு வருடத்துக்கு முன் கட்டத்தாளில் தானே வரைந்து அனுப்பினார். இரண்டு கொங்கிரீட் தூண், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு தாமரை மொட்டு, நடுவில் இரும்புக் கேற். அந்தப் பரங்கையில் அப்படி வாசல் வேறு இல்லை. படம் கைத்தொலைபேசியின் முகப்பில் இருக்கிறது. மகளின் பட்டமளிப்புப் படம் அடுத்த பக்கத்தில்.

வைகாசியில் நெனிதா ஒரு படம் அனுப்பினார். எதிர்வீட்டு எர்னிங் புது மதில் கட்டிவிட்டார். மதில் சந்துக்குள் வந்திருந்தது.

மேரிவிக் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் ஞானசுந்தரத்தின் தங்கைமாரிடம் தொலைபேசியில் கற்ற தமிழ் அவருடையது. மட்டக்களப்பில் பிறந்தவர்களே திரும்பிப் பார்ப்பார்கள்.

"இதுக்குள்ளால அம்புலன்ஸ் வருமா?" என்றார்.

"வரும் வரும்."

"எப்பிடி வரும்? மோட்டச்சைக்கிள்ல வருமா? ஒங்கட நெஞ்சுக்குள்ள ரெண்டு கம்பி வெச்சிரிக்கு. அம்புலன்ஸ் வாசலுக்கு வராத எடத்துக்கு ஒங்களக் கூட்டிட்டுப் போகமாட்டன். இஞ்சயே கிடங்க. பனி தள்ளுங்க."

போன வருடம் ஞானசுந்தரத்தின் இதயக் குழாய்களுக்குள் இரண்டு வலைக்குழாய் வைத்தார்கள். மேரிவிக் சொன்னால் சொன்னதுதான். அந்த இரவே தை மாதப் பயணச்சீட்டுத் தேடுவதை நிறுத்திவிட்டார்.

ஞானசுந்தரத்துக்கு இதில் பெரிய அவமானம். டவாவோவில் மூன்று இலக்கம் அழுத்தினால் அம்புலன்ஸ் வரும் என்று களஞ்சியத்தில் எல்லோருக்கும் சொல்லி வைத்தவர் அவர். அந்த அம்புலன்ஸ் தன் வீட்டுச் சந்துக்குள் நுழையாது என்றால் எப்படி?

முதலில் அளவு எடுத்தார். நெனிதாவின் மகன் நாடா பிடித்தான். எஞ்சியிருப்பது இரண்டு மீற்றர். மதில் வர முந்தி இரண்டு மீற்றர் நாற்பது. அம்புலன்ஸ் எவ்வளவு அகலம்? இங்கே வான் ஹோர்ன் வீதியில் ஒரு கிழவரை வீட்டில் இறக்கிவிட்டு நின்ற அம்புலன்ஸின் பின்னால் ஞானசுந்தரம் நாடாவோடு குனிந்து நின்றதை நானே பார்த்தேன். பணியாளர் இறங்கி வந்தார்.

"போஞ்சூர் மிசியே. என்ன செய்கிறீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"செ பூர் டவாவோ" என்றார் ஞானசுந்தரம். டவாவோவுக்காக என்று அர்த்தம். அவர் பிரெஞ்சில் சொன்ன மிக நீண்ட வாக்கியங்களில் அதுவும் ஒன்று. பணியாளர் கொஞ்சம் யோசித்து, பக்கக் கண்ணாடியின் நுனியிலிருந்து அளக்கும்படி நாடாவின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தார். இரண்டு மீற்றர் இருபது. அங்கே ஓடுகிற வண்டி இதைவிடக் கொஞ்சம் சிறிதாகவும் இருக்கலாம். ஆனால் ஞானசுந்தரம் கண்டறிந்த எண் இதுதான். ஒரு சாண் குறைகிறது.

பிறகு எழுத உட்கார்ந்தார். மூன்று மாலை எழுதினார். நெனிதாவின் பெயரில், ஆங்கிலத்தில், நான்கு பக்கம், பதினாறு பந்தி. மேற்படி விடயம் தொடர்பாக. ஐந்தாவது பந்தி அம்புலன்ஸ். ஒன்பதாவது பந்தி மழைநீர். பன்னிரண்டாவது பந்தி எர்னிங்கின் நாய், அது கட்டுப்பாடின்றி நடமாடுவதாக. சிவராசா வாசித்துப் பார்த்தார்.

"நாய் ஏனப்பா இதுக்கை?"

"ஒரு விசயத்துக்கு எழுதினா ஒரு கந்தோர்தான் பாக்கும். மூண்டு விசயத்துக்கு எழுதினா மூண்டு கந்தோர் எழும்பும்."

கடைசிப் பக்கத்தின் அடியில் அவருடைய உண்மையான கலை இருந்தது. பிரதிகள். மட்டக்களப்பில் ஒரு மனுவின் பலம் அதன் பிரதிப் பட்டியலில் இருந்தது. அமைச்சருக்கு எழுது, அரச அதிபருக்குப் பிரதி, பொலிஸுக்குப் பிரதி, கடைசியில் விதானைக்கும் ஒரு பிரதி. "கடிதம் ஒருத்தருக்குப் போனா பேப்பர். பதினொரு பேருக்குப் போனா விசயம்" என்றார். கடிதத்தை நகரபிதாவின் அலுவலகத்துக்கு எழுதினார். பிரதி: கட்டடப் பகுதி, திட்டமிடல், வடிகால், தீயணைப்பு, கால்நடை... இப்படிப் பதினொன்று. ஒன்பதாவது இடத்தில் பரங்கையின் காப்.

மொத பரங்கை, மொத பரங்கை என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர், தன் விடயம் என்றதும் அதை மறந்துவிட்டார். அன்றைக்கு அதை யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

கடிதம் நன்றாகவே வேலை செய்தது. பத்து நாளில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் கால்நடைப் பகுதியிலிருந்து ஒருவர். நாயைத் தேடினார். நாய் நெனிதாவின் வீட்டுப் படியில் படுத்திருந்தது. அதற்குச் சாப்பாடு போடுவது நெனிதாதான். வந்தவர் அதற்கு ஊசி போட்டார், இருக்கிறதே என்று நெனிதாவின் இரண்டு பூனைகளுக்கும் போட்டார், தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பிறகு வடிகாலைப் பார்க்க ஒருவர் வந்து, வடிகால் நன்றாக இருக்கிறது என்றார். மூன்றாவதாக இரண்டு பேர் வந்தார்கள். அவர்களிடம் காணி வரைபடமும் அளவுக் கருவியும் இருந்தன. எல்லைக் கல்லைத் தோண்டி எடுத்தார்கள். சந்தின் முழு அகலத்தையும் அளந்தார்கள்.

ஒவ்வொரு வருகையையும் ஞானசுந்தரம் களஞ்சியத்தில் அறிவித்தார். "பாத்தீங்களா? பத்து நாள்! நான் இஞ்ச இருந்து ஒரு முத்திரை ஒட்டல்ல."

"விதானையாருக்கு வணக்கம்" என்று சிவராசா சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டே கும்பிட்டார்.

நகரபிதாவின் அலுவலகம் மனுவைப் பரங்கைக்கே திருப்பிவிட்டது. ஆனியில் ஒரு வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்குப் பரங்கை அலுவலகத்தில் விசாரணை. அங்கே வெள்ளி காலை எட்டு. அயலவர் வழக்கு எதுவானாலும் நீதிமன்றத்துக்கு முதல் பரங்கையில் பேச வேண்டும் என்பது அந்த நாட்டு முறை. சட்டத்தரணி கூடாது. இரண்டு தரப்பும் நேரே வந்து, பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, வாயால் பேச வேண்டும். மொன்றியலில் இருப்பவர்களும் கேட்கட்டும் என்று காப் பெருந்தன்மையாகச் சம்மதித்திருந்தார். நெனிதாவின் தொலைபேசி அங்கே ஒரு தண்ணீர்ப் போத்தலில் சாய்ந்து நின்றது. இங்கே ஞானசுந்தரம் தலைவாரி, கைநீளச் சட்டை போட்டு, நீலக் கோப்போடு உட்கார்ந்தார். பக்கத்தில் மேரிவிக். ஒரு கரண்டி சீனி கேட்டுப் போன நான் கதவோரம் நின்றுவிட்டேன்.

காப் ஒரு பருத்த பெண்மணி. முடியில் இன்னும் ஈரம். மூன்று சந்து தள்ளித்தான் அவருடைய வீடு. அவர் முதலில் மனுவை எடுத்துப் பிரதிப் பட்டியலை விரலால் எண்ணினார். ஒன்பதில் விரல் நின்றது. ஏதோ சொன்னார், அந்த அறையில் எல்லோரும் சிரித்தார்கள்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

மேரிவிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார். "கனடாக்காரர் எனக்கு முந்தி நாய் டொக்டருக்கு எழுதியிரிக்கார். எனக்கிட்டச் சொல்லியிருந்தா செருப்ப மாட்டிட்டு அண்டைக்கே வந்திருப்பன் எண்டு சொல்றா."

ஞானசுந்தரம் கோப்பைத் திறந்து, ஏதோ தேடுவதுபோலப் பார்த்து, மூடினார்.

காப் அளவுத் தாளை வாசித்தார். வரைபடத்தின்படி சந்து மூன்று மீற்றர். எர்னிங்கின் மதில் நாற்பது சென்ரிமீற்றர் வெளியே வந்திருக்கிறது. ஞானசுந்தரம் மேசையைத் தட்டினார். "நான் சொன்னன்." காப் தாளைத் திருப்பினார். நெனிதாவின் வாசல் தூண்கள் அறுபது சென்ரிமீற்றர் வெளியே வந்திருக்கின்றன.

மேரிவிக் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. எண்கள் எல்லோருக்கும் தெரியும்.

எர்னிங் எழுந்தார். மெலிந்த மனிதர், கையில் தொப்பி. கோபப்படாமல், கொஞ்சம் வெட்கத்தோடு பேசினார். மேரிவிக் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார்.

"எனக்கு எல்லை தெரியாது. ஒங்கட தூணைத்தான் பாத்தன். கனடாக்காரர் கடதாசியில வரஞ்சி கட்டினவர், அளக்காமக் கட்டுவாரா எண்டு நெனச்சன். அவர் வந்த மாதிரி நானும் கொஞ்சம் வந்தன். மரியாதைக்கு இருவது குறைச்சி வந்தன்."

மேரிவிக் சிரிக்கத் தொடங்கினார். சத்தம் வராத சிரிப்பு. தோள்கள் மட்டும் குலுங்கின. ஞானசுந்தரம் அவரைப் பார்க்கவில்லை. கட்டத்தாளில் வரைந்தபோது வளவின் எல்லையை எங்கிருந்து எடுத்தார் என்று யோசித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். நெனிதா அனுப்பிய ஒரு படத்திலிருந்து, கண்ணால்.

காப் கைகளை விரித்தார். இரண்டு பேரும் பின்னுக்குப் போனால் சந்து மூன்று மீற்றர். அம்புலன்ஸ் என்ன, தீயணைப்பு வண்டியே வரும். இரண்டு பேரும் அப்படியே நின்றால் இரண்டு மீற்றர், சைக்கிள் வரும். கனடாக்காரர் என்ன சொல்கிறார்? காணி சகோதரிகளுடையதுதான். ஆனால் தூண் யாருடையது என்று அந்தச் சந்தில் எல்லோருக்கும் தெரியும்.

"நான் எழுத்துல பதில் தாறன் எண்டு சொல்லு" என்றார் ஞானசுந்தரம். "ஒரு கிழமை தரச் சொல்லு."

மேரிவிக் கேட்டார். காப் தலையை ஆட்டிவிட்டுச் சுருக்கமாக ஏதோ சொன்னார்.

"எழுத்து வேணாமாம். இனி ஒரு பேப்பரும் வேணாமாம். வாயால சொல்லட்டாம்."

ஞானசுந்தரம் சட்டைப் பையைத் தொட்டார். நீலப் பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, மூடி, திரும்ப வைத்தார். பக்கத்தில் மேரிவிக்கின் தோள்கள் நின்றுவிட்டன. அவரும் இப்போது சிரிக்கவில்லை. பதினைந்து வருடமாக இந்தப் பெண் குளிரில் பேருந்துக்கு நின்று, கார்டெரிக்குப் போய், முப்பது குழந்தைகளுக்குச் சோறு வடிக்கிறார். இந்த வருடம் முழுக்கத் தை மாதம், தை மாதம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"அந்தத் தாமரை மொட்ட உடையாம எடுக்க ஏலுமா எண்டு கேளு" என்றார் ஞானசுந்தரம்.

மேரிவிக் கேட்டார். எர்னிங் முந்திக்கொண்டு பதில் சொன்னார்.

"எடுக்கலாமாம். அவர் மேசனாம். தானே வந்து எடுத்துத் தாறாராம். மதிலையும் அண்டைக்கே ஒடைக்கிறாராம்."

"அப்ப இடிக்கட்டும்" என்றார் ஞானசுந்தரம். விசாயாவில், தானே, திரைக்கு அருகில் குனிந்து இன்னொரு முறை சொன்னார். அந்தப் பக்கம் பிளாஸ்டிக் கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது. யாரோ நெனிதாவின் தொலைபேசியைத் தட்டிவிட்டார்கள். கூரையில் சுற்றும் மின்விசிறி கொஞ்ச நேரம் தெரிந்தது.

அடுத்த நாள் களஞ்சியத்தில் அவரே சிவராசாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம். சிவராசா கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப நீர் பதினொரு கந்தோருக்கு எழுதி உம்மடை வாசலை உடைப்பிச்சிருக்கிறீர்."

"சட்டம் எண்டா எல்லாருக்கும் ஒண்டுதான்."

"ஓமோம். இஞ்சையும் ஒரு கடிதம் எழுதுமன், கிண்டிப்போட்ட எங்கடை தெருவை மூடச்சொல்லி."

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு இடிப்பு. அங்கே ஞாயிறு காலை, பூசைக்கு முன்னால். சிவராசா கட்லற் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். "விதானையாரின்ர வாசல் விழுறதைப் பாக்க வந்தனான்" என்று சப்பாத்தைக் கழற்றினார். மேரிவிக் தேநீர் ஊற்றினார். தொலைபேசியைச் சீனிப்போத்தலில் சாய்த்து வைத்து நால்வரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம்.

எர்னிங் சொன்னபடி செய்தார். முதலில் ஏணி வைத்து இரண்டு மொட்டுகளையும் கொங்கிரீட் அறுக்கும் வாளால் அறுத்து எடுத்தார். குழந்தையை இறக்குவதுபோல நெனிதாவின் கையில் கொடுத்தார். நெனிதா அவற்றைத் துணி விரித்த கதிரையில் வைத்தார். காப் தன் வீட்டிலிருந்து கோப்பிக் கெண்டியோடு வந்து சேர்ந்தார். பிரதி கிடைக்காத பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நாயும் வந்தது.

"அந்தப் பக்கமா அடிக்கச் சொல்லு. கம்பி இந்தப் பக்கம் இரிக்கு" என்றார் ஞானசுந்தரம்.

"அவருக்குத் தெரியும், சும்மா இரிங்க."

"நான் வரஞ்ச தூண். எனக்குத் தெரியாதா?"

"அதைத்தான் நாங்கள் எல்லாரும் பாக்கிறம்" என்றார் சிவராசா கட்லற்றைக் கடித்துக்கொண்டு.

முதல் அடிக்கு ஞானசுந்தரம் கண்ணை மூடினார். இரண்டாவதுக்கு மூடவில்லை. கால் மணி நேரத்தில் முதல் தூண் விழுந்தது. தூசி அடங்கியதும் சந்து முழு அகலத்தில் தெரிந்தது. அந்தக் கோடியிலிருந்து வெளிச்சம் நேரே வீட்டு முற்றம் வரை வந்து விழுந்தது. மேரிவிக் திரையை இரண்டு விரலால் பெரிதாக்கி, சின்ன வீட்டின் கதவைப் பார்த்தார்.

"தை மாசத்துக்கு டிக்கெட் பாப்பமா?" என்றார் சாதாரணமாக.

ஞானசுந்தரம் அதைக் கேட்டாரா என்று தெரியவில்லை. அங்கே இரும்புக் கேற்றைக் கழற்றிவிட்டார்கள். ஒரு முனையை எர்னிங் பிடித்தார், மறுமுனையை நெனிதாவின் மகன். கேற் கனம். நாலு எட்டு வைத்ததும் பையனின் முனை சரியத் தொடங்கியது. காப் கெண்டியை வைத்துவிட்டு ஓடினார். கேற் எர்னிங்கின் காலை நோக்கிச் சாய்ந்தது.

"பொறுங்க, பொறுங்க, விடாதீங்க!" என்று கத்திக்கொண்டு ஞானசுந்தரம் எழுந்தார். முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, முப்பது வருடம் பாரம் தூக்கிய மனிதனின் முறையில் இரண்டு கையையும் கீழே கொடுத்துத் தூக்கினார். சமையலறை மேசையின் ஒரு பக்கம் அரை அடி எழும்பியது. கட்லற் தட்டு எங்கள் பக்கம் வழுக்கி வந்தது. மேரிவிக் தேநீர்க் கோப்பைகளையும் சிவராசா தொலைபேசியையும் பிடித்துக்கொண்டார்கள். திரையில் கேற் நிமிர்ந்து, அடி அடியாக, நெனிதாவின் வளவுக்குள் போய்ச் சுவரில் சாய்ந்தது. அது சாய்ந்து நிற்கும்வரை அவர் மேசையைக் கீழே விடவில்லை.